மிதித்தால்தான் வழி

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்வோர் இந்நாளில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகின்றனர். இடையில் அவர்கள் காண்பவை சுங்கச் சாவடியும், லாரிகளின் முதுகும், உணவு விடுதிகளின் பெயர்ப் பலகைகளுமே. வலப்புறமும் இடப்புறமும் மலைகள் நிற்கின்றன என்பதையேனும் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். அம்மலைகளுக்கும் சாலைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் மிகச் சிலர்.

சமவெளி என்று நம் மாவட்டங்களைப் புவியியல் நூல்கள் குறிப்பிட்டாலும், இது தஞ்சையைப் போன்ற சமவெளி அன்று. வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, நடுவே போதமலை, ஜருகுமலை, நைனாமலை, மேற்கே கஞ்சமலை. இவற்றின் காலடியில் நிலம் ஏறுவதும் இறங்குவதுமாய் அலைபோலக் கிடக்கிறது. நம் மக்கள் அதற்கேற்பவே பெயரிட்டிருக்கிறார்கள். பாறை தலைநீட்டிய குன்று கரடு, உயர்ந்த புன்செய் மேட்டுக்காடு, தாழ்ந்தது பள்ளம், தோட்டத்து நடுவில் கட்டிய வீடு சாளை. இக்கரட்டையும் பள்ளத்தையும் சாளையையும் ஒன்றோடொன்று இணைப்பவை செம்மண் தடங்கள். அத்தடங்களைப் பற்றி நம் பங்குக் குடும்பங்களோடு இம்மாதம் சற்றுப் பேச விரும்புகிறோம்.

சருக்கரை நோய் நம்மையும் விட்டுவைக்கவில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியபோது, நடைக்குப் பதிலாக மிதிவண்டியைத் தெரிந்துகொண்டோம். கிளைக் கிராமங்களுக்கு மாலைச் செபத்துக்கும் நோயாளரைக் காணவும் செல்ல வேண்டியிருப்பதால், ஒரே உழைப்பில் இரு பயன் கிடைத்தது. நெடுஞ்சாலையில் டிப்பர் லாரிகளோடு போட்டியிட மனமில்லாமல் மண் தடங்களில் இறங்கினோம். சில ஆண்டுகளாக இப்படிச் சென்றுவருகையில் கண்டதையும் கேட்டதையுமே இங்கு எழுதுகிறோம்.

புதிய பெயரில் ஒரு பழைய வண்டி

கடந்த ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்த நம் பங்கு இளைஞர் இருவர், பெங்களூரில் கணினி வேலை பார்ப்பவர்கள், புதுவகை மிதிவண்டிகளுடன் பங்கு இல்லத்துக்கு வந்தனர். ‘கிராவல் பைக்’ என்று அதற்குப் பெயராம். விலை இலட்சத்தைத் தாண்டும் என்று கேட்டபோது நமக்குத் தலை சுற்றியது. பந்தய வண்டியைப் போல் வளைந்த ஹேண்டில்பார், வட்டத்தகட்டு பிரேக், பல பற்சக்கரங்கள். எடையோ ஏறத்தாழ 10 கிலோதான். ஆனால் டயர் மட்டும் பந்தய வண்டியின் டயரைப் போல மெல்லியதாக இல்லாமல் சற்றுப் பருத்திருந்தது.

அவர்கள் தந்த விளக்கம் கேட்கத் தக்கது. தார்ச் சாலைகளில் கார்கள் பெருகிவிட்டதால், மேலைநாடுகளில் மிதிவண்டி ஓட்டுவோர் சரளை மண் பாதைகளைத் தேடிச் செல்லத் தொடங்கினார்களாம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிற்றூரில் 2006-இல் ஒரு பந்தயம் தொடங்கிற்று. புல் மேடுகளின் இடையே 200 மைல் சரளைப் பாதையில் ஓடும் அப்பந்தயத்துக்குப் பிற்காலத்தில் பல நாட்டாரும் வரலாயினர். 2022-இல் இத்தாலியின் வெனேத்தோ பகுதியில் சரளைப் பாதைக்கென்றே முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. டயர் 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் கற்கள் மீது வண்டி துள்ளாமல் செல்லும். காற்றைச் சற்றுக் குறைவாக அடித்தால் மணலில் சக்கரம் புதையாது. இதுவே அதன் நுட்பம்.

நம் வண்டியின் டயரில் பொறித்திருந்த எண்ணை அவர்களிடம் காட்டினோம்: 28 × 1½. ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். நம் தந்தையரும் பாட்டனாரும் பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிச் சென்ற கறுப்பு வண்டியின் டயர் அது. 1949-இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிகளும், வடக்கேயிருந்து வந்த அட்லஸ் வண்டிகளும் நம் ஊர்ப் பாதைக்கு ஏற்ற இந்த அளவுடனேயே ஓடின. இளைஞர்கள் சிரித்துவிட்டனர். எடையில் அவர்கள் வண்டியைப் போல் இருமடங்கு, கியர் கிடையாது, ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும். ஆயினும் உலகம் இப்போது கண்டுபிடித்ததாகச் சொல்லும் ஒன்று நம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி ஏற்படாமல் இல்லை.

மலையடிவாரத்தில் இரு பாதைகள்

அந்த இளைஞர்களோடும் தனியாகவும் நாம் சென்ற பாதைகளுள் இரண்டை வாசகர்களுக்குப் பரிந்துரைப்போம்.

முதலாவது சேந்தமங்கலத்திலிருந்து தொடங்குவது. ஊரின் அருகே நைனாமலை கூம்பி நிற்கும்; கிழக்கே கொல்லிமலை சுவர்போல எழும். காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டியதும் பெருஞ்சாலையை விட்டு விலகி, மலையடிவாரத்தை ஒட்டிய தடங்களில் காரவள்ளிக்குச் செல்லலாம். அங்கிருந்துதான் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை சோளக்காட்டுக்கு ஏறுகிறது. இளைஞர்கள் அதிலும் ஏறினார்கள். நாம் அடிவாரத்துத் தேநீர்க் கடையில் அவர்களுக்காகக் காத்திருந்தோம். பிறகு பாக்குத் தோப்புகளையும் குச்சிக்கிழங்குக் காடுகளையும் ஊடறுத்து, மளிகைப் பொருட்களின் சந்தைக்குப் பெயர்பெற்ற பேளுக்குறிச்சியை அடைந்தோம். சந்தை நாளில் மல்லியும் கடுகும் மணக்கும் மணத்தை மோட்டார் வாகனத்தில் செல்பவர் அறியார்.

இப்பாதைக்கு நம் திருச்சபை வரலாற்றிலும் இடமுண்டு. தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி அடிகள், 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி வழியாக வடக்கே வந்து, சேந்தமங்கலத்தையும் சேலத்தையும் அடைந்தார். அந்நாளில் சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவருக்கு ஆதரவு காட்டினார். சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் அமைந்தது. ஆனால் அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே நற்செய்தி இம்மண்ணில் வந்த வழி, கால்நடையாய் வந்த வண்டித்தடமே.

இரண்டாவது பாதை இராசிபுரத்திலிருந்து வடுகம் வழியாகப் போதமலை அடிவாரத்தைத் தொட்டு, நாமகிரிப்பேட்டையில் முடிவது. நாமகிரிப்பேட்டை என்றதும் நாதசுர மேதை கிருஷ்ணன் அவர்களின் பெயர் பெரியவர்களின் நினைவுக்கு வரும். அது மஞ்சள் வணிகத்துக்கும் பேர்போன ஊர். மாசி, பங்குனி மாதங்களில் இவ்வழியே சென்றால் மஞ்சள் வேகும் ஆவி காலை வெயிலில் புகைபோல எழுவதைக் காணலாம். கோழிப்பண்ணையின் வாடையும், சேகோ ஆலைகளின் புளித்த வாடையும் உடன் வரும் என்பதையும் மறைக்கலாகாது. இது ஓவியத்தில் எழுதிய நாட்டுப்புறம் அன்று. மக்கள் உழைத்துப் பிழைக்கும் நாட்டுப்புறம்.

புறப்படுவோர்க்குச் சில குறிப்புகள். ஐப்பசி மழையில் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பிரேக்கை அடைத்துவிடும். மழை ஓய்ந்து தடம் இறுகிய மார்கழி, தை, மாசி மாதங்களே சிறந்தவை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும். காற்று எழும் முன் காலையில் மேற்கு நோக்கிச் சென்று, காற்று முதுகில் படும்படி திரும்புவது அறிவுடைமை. சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் டயரைப் பதம் பார்க்கும். எனவே மாற்று டியூபும் காற்றுப் பம்பும் கைவசம் இருத்தல் வேண்டும். தண்ணீர் இரண்டு பாட்டில்கள். காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டி வனத்துறையின் இசைவின்றி நுழைதல் கூடாது; கோடையில் ஒரு பீடித் துண்டு போதும், ஒரு மலைச் சரிவே எரிந்துபோகும்.

இட்டேரி என்னும் செல்வம்

இத்தடங்களுள் மிகச் சிறந்ததற்குக் கொங்கு நாட்டில் ஒரு தனிப் பெயர் உண்டு. இருபுறமும் உயிர்வேலி அமைந்து, நடுவே ஒரு மாட்டுவண்டி செல்லும் அளவு அகலமுடைய பாதையை இட்டேரி என்பர். இளைய தலைமுறையில் பலர் இச்சொல்லைக் கேட்டதே இல்லை என்பதைக் கண்டோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டுப் பார்த்தபோது, ‘இட்லி மாதிரி ஏதோ பலகாரம்’ என்று ஒரு சிறுவன் கூறினான்.

இட்டேரியின் வேலி பெரும்பாலும் கிளுவையால் ஆனது. மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக ஊன்றிவிட்டால் அவை வேர்விட்டுத் தழைக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிட்டால் முள் சுவராக நிற்கும். கழித்த தழையை வெள்ளாடு விரும்பித் தின்னும். வேலிமேல் கோவைக்கொடியும் பிரண்டையும் முடக்கற்றானும் வேலிப்பருத்தியும் படரும். கைமருந்துக்குக் கடைக்கு ஓட வேண்டியிராத காலத்தில், நம் பாட்டிமார் கையில் ஒரு கத்தியோடு இட்டேரிக்குத்தான் சென்றார்கள். அடியில் கௌதாரியும் கீரியும் முயலும் ஒதுங்கும். செம்போத்தும் தவிட்டுக் குருவியும் கூடுகட்டும். அவை பயிரைக் கெடுக்கும் புழுவையும் எலியையும் தின்று உழவனுக்குக் கூலி வாங்காத காவலாளிகளாய் இருந்தன. மழைநீர் மேட்டுக்காட்டிலிருந்து மண்ணை அடித்துக்கொண்டு ஓடாதபடி வேலியின் வேர்கள் தடுத்தன.

கார் எழுப்பும் ஓசையில் இவை எதுவும் செவியில் விழாது. நடப்பவனுக்கோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் நெடுந்தொலைவு. மிதிவண்டியின் வேகமே இதற்கு அளவானது. நின்று பார்க்கலாம், எதிரே வருபவரிடம் பேசலாம். தோட்டத்து வாயிலில் நிற்கும் மூதாட்டி, ‘சாமி, ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டுப் போங்க’ என்று அழைத்தால் இறங்கலாம். ஒரு பங்குத்தந்தை தம் மக்களை அறிவதற்கு இதைவிட நல்ல வழியை நாம் இதுகாறும் காணவில்லை.

அடைபடும் வழிகள்

ஆனால் இத்தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. மாட்டுவண்டி ஓய்ந்தது, இருசக்கர மோட்டார் வாகனங்கள் தார்ச் சாலைக்குப் போயின. ஆள் நடமாட்டம் குறைந்த இட்டேரியில் முள் மண்டியது. பின்பு ஒருவர் தம் பக்கத்து வேலியை இயந்திரத்தால் பறித்து, இரண்டு அடி உள்ளே தள்ளிக் கம்பி வேலி போட்டார். எதிர்ப்பக்கத்தார் தாமும் இரண்டு அடி தள்ளினார். மனை விற்போர் வந்து அளவுக்கல் நட்டார்கள். பத்து ஆண்டுகளில், அங்கே ஒரு வழி இருந்தது என்பதற்கு முதியோரின் நினைவு மட்டுமே சான்று என்றாகிவிட்டது.

இதில் சட்டம் கூறுவது அறிந்துகொள்ளத் தக்கது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிறர் நிலத்தின் வழியே ஒருவர் தம் நிலத்துக்கு வெளிப்படையாகவும் அமைதியாகவும் உரிமையோடும் 20 ஆண்டுகள் தடையின்றிச் சென்றுவந்தால், அவ்வழி அவருக்கு உரிமையாகும். அதே சட்டத்தின்படி, அத்தகைய வழியை 20 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டுவிட்டால், பொதுவாக அவ்வுரிமை அழிந்தும் போகும். சட்டம் எழுதியவர்கள் மனித வாழ்வை நன்கு அறிந்தவர்களே. கால் பட்டால் வழி பிறக்கிறது. கால் மறந்தால் வழி இறக்கிறது. இதனினும் வேறான தடங்களும் உண்டு. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்டவை அரசுக்கு உரியவை. எத்தனை ஆண்டு முள் மண்டினாலும் அவற்றைத் தமதென்று கொள்ள ஒருவருக்கும் உரிமை இல்லை.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஊரையும் ஆளையும் குறிப்பிடமாட்டோம். இதைப் படிக்கும் பலருக்குத் தம் ஊர்க் கதைபோலவே தோன்றக்கூடும்.

நாம் வழக்கமாகச் செல்லும் கிளைக் கிராமம் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர். தந்தை உயிரோடிருந்தபோதே நிலத்தைப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்தார். ஊரிலிருந்து வரும் இட்டேரி முதலில் தம்பியின் பங்கையும், அடுத்து அண்ணனின் பங்கையும் கடந்து நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்கு அருகில் சென்று முடியும். ‘அண்ணன் தம்பிக்குள் இதை எழுதுவானேன்’ என்று எண்ணிப் பத்திரத்தில் தடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. தந்தை மறைந்தார். ஒரு கிணற்று மின்மோட்டாரைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் முற்றிற்று. ஒரு நாள் நாம் அவ்வழியே சென்றபோது, அண்ணனின் எல்லையில் இட்டேரியின் குறுக்கே முள்கம்பி கட்டப்பட்டிருந்தது.

அந்த வழியே நாள்தோறும் மூன்று சிறுமியர் அரசு தந்த மிதிவண்டிகளில் மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றுவந்தனர். அவர்களுள் ஒருத்தி தம்பியின் மகள். இட்டேரியில் கால் மணி நேரப் பயணம், இப்போது நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு 4 கிலோமீட்டர் ஆயிற்று. ‘டிப்பர் போற காத்தே வண்டியத் தள்ளுதுங்க ஃபாதர்’ என்றாள் அச்சிறுமி. மூவரில் ஒருத்தியின் தாய், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பதாக உபதேசியார் நம்மிடம் தெரிவித்தார். ஒரு பெண்பிள்ளையின் படிப்பு எட்டடித் தடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனைச் சென்று கண்டோம். அவர் மரியாதையாகவே நாற்காலி போட்டார். ‘சாமி, பத்திரத்துல தடம்னு ஒரு வார்த்தை இல்லீங்க. நாலு சென்ட்டு மண்ணு சும்மா கெடக்குது. இன்னைக்கி சென்ட்டு என்ன விலை போகுதுன்னு உங்களுக்குத் தெரியாததுங்களா?’ என்றார். அவர் கூறியதில் பொய் இல்லை. தம்பியோ அதற்குள் நீதிமன்றத்தை நாடிவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நாள்கள் சென்றன. நாமும் உபதேசியாரும் மாறிமாறிப் பேசிப் பார்த்தோம், பயனில்லை.

மாசி மாதத்தில் அண்ணனின் குச்சிக்கிழங்கு அறுவடைக்கு வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து அவர் காட்டுக்குள் இறங்கும் சிறு பாலம், சாலைப் பணியின்போது இடிந்து கிடந்தது. கிழங்கு ஏற்றும் லாரி உள்ளே வர வேறு வழியில்லை. தோண்டிய கிழங்கை இரண்டு நாளுக்கு மேல் போட்டுவைக்க முடியாது என்பது நம் உழவர் அறிந்ததே. ஆலையில் விலை விழுந்துவிடும். லாரி வரக்கூடிய ஒரே வழி, தம்பியின் பங்கிலுள்ள இட்டேரிதான். அண்ணன் கேட்கவில்லை, கேட்க நா எழவில்லை. லாரி ஓட்டுநர்தான் ஊருக்குள் வந்து விசாரித்தார். தம்பி ஒரு சொல்லும் பேசாமல் தம் கடவிலிருந்த படலை எடுத்து ஓரமாக வைத்தார். சுமையாட்களுக்கு அவர் மனைவி மோர் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் நாள் நாம் அவ்வழியே சென்றபோது, முள்கம்பி எட்டடி அகலத்துக்கு அறுக்கப்பட்டுச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரும் விழா எடுக்கவில்லை; கைகுலுக்கவும் இல்லை. கிணற்றைப் பற்றிய வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மூன்று சிறுமியரும் மறுபடி இட்டேரியில் மிதித்துச் செல்கின்றனர். ஆடி மழைக்கு முன் தம்பி தம் பக்கத்தில் கிளுவைப் போத்து ஊன்றியிருக்கிறார். அவற்றுள் பாதி பிடித்துக்கொண்டன.

தூரதேசத்தில் ஒரு சான்று

தடத்தைக் காப்பதற்குத் தடத்தில் செல்வதே வழி என்பதை இத்தாலியர் நமக்கு முன்பே செய்து காட்டியுள்ளனர். டஸ்கனி மாநிலத்துக் குன்றுகளின் இடையே, திராட்சைத் தோட்டங்களை இணைக்கும் வெள்ளைச் சரளைப் பாதைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைவதைக் கண்ட ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர், 1997-இல் கையோலே என்னும் சிற்றூரில் ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். ‘லெரோய்கா’ என்பது அதன் பெயர். பழங்கால வண்டிகளில் மட்டுமே வரவேண்டும் என்பது விதி. முதலாண்டில் நூறு பேர்கூடச் சேரவில்லை. பிறகு ஆயிரக்கணக்கில் வரலாயினர். அதன் பயனாக அவ்வெள்ளைப் பாதைகள் மதிப்புப் பெற்றன. இன்று உலகின் தலைசிறந்த வீரர்கள் ஓடும் பந்தயமொன்று 2007 முதல் அப்பாதைகளிலேயே நடக்கிறது.

அதே இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகிலுள்ள மலையில் கிசல்லோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. 1949-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அம்மாதாவை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். அவ்வாலயத்தில் புகழ்பெற்ற வீரர்களின் வண்டிகள் வைக்கப்பட்டுள்ளன. அவர்களுள் கீனோ பர்த்தாலியும் ஒருவர். 1938-லும் 1948-லும் பிரான்சு நாட்டைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் வென்ற அவர், உலகப் போரின்போது பயிற்சிக்குச் செல்பவர்போல் புளோரன்சு நகருக்கும் அசிசிக்கும் இடையே மிதித்துச் சென்று, யூத மக்களைக் காப்பாற்றும் அடையாளத் தாள்களை வண்டியின் குழாய்க்குள் மறைத்துக் கொண்டுபோனார். தாம் வாழ்ந்த காலத்தில் அதைப் பற்றி அவர் பெருமை பேசியதில்லை. அவர் மறைவுக்குப் பின், 2013-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவருக்கு நீதிமான் என்னும் சிறப்பை வழங்கியது. மிதிவண்டி ஏழையின் வாகனம் என்று ஏளனமாகக் கருதும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்வது நலம்.

தாரா, மண்ணா?

இவ்வளவும் கூறியதால், கிராமங்களுக்குத் தார்ச் சாலை வேண்டாம் என்கிறோம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. மண் பாதையின் அழகைப் பாடுவது, அதில் நோயாளியைச் சுமந்து செல்லாதவர்க்கு எளிது. நாம் மேலே குறிப்பிட்ட போதமலையின் மேல் கீழூர், மேலூர், கெடமலை என மூன்று சிற்றூர்கள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சாலை கிடையாது. நோயாளரையும் கருவுற்ற தாய்மாரையும் தூளி கட்டித் தோளில் சுமந்தே அடிவாரத்துக்குக் கொண்டுவந்தனர். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களை அலுவலர்கள் தலைச்சுமையாக மேலே கொண்டுசெல்வதைச் செய்தித்தாள்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024-இல் அங்கே சாலைப் பணி தொடங்கியபோது அம்மக்கள் மகிழ்ந்தது இயல்பே. அதைக் கண்டு, ‘அழகான பாதை போயிற்றே’ என்று வருந்துபவன் மிதிவண்டிக்காரனாக இருக்கலாம். அயலானாக இருக்க முடியாது.

ஆகவே கேள்வி தாரா மண்ணா என்பதன்று. வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. போதமலையாருக்கு இல்லாத வழியைத் திறப்பதும், நம் ஊர் இட்டேரியை அடைக்காமல் விடுவதும் ஒரே நீதியின் இரு பக்கங்கள். நிலம் நமக்குச் சொந்தமாகலாம். அடுத்தவர் தம் வீட்டுக்கும் பள்ளிக்கும் போகும் உரிமை நம் சொந்தமாகிவிடாது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, பாகப்பிரிவினை எழுதும்போது தடத்தைக் குறிப்பிட மறவாதீர்கள். நம் பத்திர எழுத்தர்களுக்கு ‘மாமூல் தடபாத்தியம்’ என்ற சொற்றொடர் நன்கு தெரியும். எந்தத் திசையில், எத்தனை அடி அகலம், எதுவரை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அன்பு நிறைந்திருக்கும் நாளில் எழுதும் ஒரு வரி, அன்பு குறைந்த நாளில் உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றும்.

உங்கள் கிராம வரைபடத்தை ஒருமுறையேனும் பாருங்கள். அதில் வண்டிப்பாதை எங்கே செல்கிறது என்று அறிந்தபின், அதன் ஓர் அங்குலத்தையும் நம் வேலிக்குள் சேர்க்காதிருப்போம். வேலி கட்டவேண்டுமாயின் கம்பிக்குச் செலவிடும் முன் கிளுவையை நினைத்துப் பாருங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரும் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை விடியலில், பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து விடுவித்து, வீட்டிலிருக்கும் மிதிவண்டியைத் துடைத்துக் காற்றடித்துக் கொடுங்கள். இலட்ச ரூபாய் வண்டி தேவையில்லை. பள்ளியில் தந்த வண்டியே போதும். அவர்களைத் தனியே அனுப்பாமல் அப்பாரையோ தாய்மாமனையோ உடன் அனுப்புங்கள். ஊருக்கும் தோட்டத்துக்கும், தோட்டத்துக்கும் அடுத்த ஊருக்கும் முன்னாளில் எப்படிச் சென்றார்கள் என்று அப்பெரியவர் காட்டட்டும். எந்தக் கரட்டுக்கு என்ன பெயர், எந்தப் பள்ளத்தில் எப்போது தண்ணீர் ஓடும், எந்தச் சாளையில் யார் இருந்தார்கள் என்று சொல்லட்டும். முள் மறித்திருந்தால் அரிவாளால் ஒதுக்கிவிட்டுச் செல்லுங்கள். யாரேனும் தம் நிலத்தின் வழியே போகவிட்டால் நன்றி கூறிவிட்டுப் போகக் கற்றுக்கொடுங்கள்.

நம் பங்கில் இவ்வாண்டு பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கோவில் வாயிலிலிருந்து இளைஞர்களும் சிறுவர்களுமாக இப்படி ஒரு பயணம் புறப்பட ஏற்பாடு செய்திருக்கிறோம். ஏற்றங்களில் நாம் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவோம். அதற்கு வெட்கப்படாதவர்கள் எல்லோரும் வரலாம். தண்ணீரும் ஒரு மாற்று டியூபும் மறவாமல் கொண்டுவாருங்கள்.